நகத்துக்கும் சதைக்கும் நடுவே

என் மேசை மீது ஒரு துண்டுத்தாள் கிடக்கிறது. நான்காக மடித்தது, மடிப்புகளில் எழுத்து தேய்ந்துவிட்டது. என் அண்ணன் மகள் பாண்டி பஜாரில் வாங்கி வந்த அக்ரிலிக் நகப் பெட்டிக்குள் இருந்த வழிகாட்டித் தாள் இது. பவுடர், திரவ பாட்டில், பிரஷ், அரம், பிளாஸ்டிக் நக முனைகள் என்று பெட்டியில் இருந்த மற்ற எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். நாவல், சிறுகதை, சினிமா என்று விமர்சனம் எழுதிப் பழகியவள் நான். ஆனால் சமீபத்தில் நான் படித்தவற்றில் ஒரு பெண்ணின் உடம்பில் நேரடியாகக் காயம் ஏற்படுத்திய பிரதி இது ஒன்றுதான். ஆகவே இதையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தாளில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி, இயற்கை நகத்தைத் தயார் செய்தல். இரண்டாம் பகுதி, பவுடரையும் திரவத்தையும் கலந்து நகத்தைக் கட்டுதல். படங்கள் எல்லாம் இரண்டாம் பகுதிக்குத்தான். முதல் பகுதிக்கு ஆறு வரிகள்: பழைய பாலிஷை அகற்று. தோலைப் பின்னால் தள்ளு. நகத்தை அரமால் தேய். தூசியைத் துடை. ஈரம் நீக்கியைப் பூசு. பிரைமர் பூசு. அவ்வளவுதான்.

முதலில் இந்த 'இயற்கை நகம்' என்ற சொல்லைப் பாருங்கள். பிராய்லர் வந்த பிறகுதான் நம் வீட்டுக் கோழி நாட்டுக்கோழி ஆனது. அதுவரை அது வெறும் கோழி. அதுபோல, ஒட்டு நகம் கடைக்கு வந்த பிறகுதான் நம் விரலில் இருந்தது இயற்கை நகம் ஆனது. ஆனால் நாட்டுக்கோழிக்குப் புதுப் பெயரோடு விலையும் ஏறியது. இயற்கை நகத்துக்கு இறங்கியது. இந்தத் தாளில் அது ஒரு தளம், அவ்வளவுதான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் சுரண்டுகிற பழைய சுண்ணாம்பு மாதிரி. ஆறு வரிகளில் ஓரிடத்தில்கூட 'கை' என்ற சொல் இல்லை, 'விரல்' இல்லை, 'வலி' இல்லை. நகம் யாருடையது என்பதே அந்தத் தாளுக்குத் தெரியாது.

நெருக்கமான இருவரை 'நகமும் சதையும் போல' என்போம். இந்தத் தாள் கைவைப்பது சரியாக அந்த இடத்தில்தான். நகம் தோலுக்குள்ளிருந்து வெளியே வருகிற அடிப்பகுதியில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒன்று, நகத்தட்டின் மீது மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் செத்த தோல். இன்னொன்று, அதற்குப் பின்னால் இருக்கிற உயிருள்ள தோல் மடிப்பு. செத்த படலம் நகத்தின் மேலேயே இருந்தால் அக்ரிலிக் பிடிக்காது, சில நாட்களில் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆகவே அதை எடுக்க வேண்டியது நியாயம். உயிருள்ள மடிப்பு நகத்தின் வேருக்குக் கதவு மாதிரி. அழுக்கும் கிருமியும் உள்ளே போகாமல் அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். அதை வெட்டினால் கதவைக் கழற்றி வைத்த கதை. தொழில் கற்ற ஒரு பெண் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் வித்தியாசம் இது. தாளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்: தோல். தள்ளச் சொல்கிறது. எதுவரை தள்ள வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. என் அண்ணன் மகள் தள்ளினாள், வரவில்லை. பெட்டியில் ஒரு குட்டிக் கத்தரியும் இருந்தது, வெட்டினாள். இரண்டு விரலில் ரத்தம்.

அடுத்தது அரம். விரல் நகத்தின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அக்ரிலிக் பிடிக்க நகத்தின் மேல் பளபளப்பு போனால் போதும். 180 அல்லது 240 எண் கொண்ட மென்மையான பஃபரால் வளர்ச்சியின் திசையிலேயே மெல்ல இரண்டு மூன்று முறை இழுத்தால் மங்கிவிடும். பெட்டியில் வந்த அரமோ 100 எண், சொரசொரப்பானது, ஒட்டு நகத்தைச் சீவுவதற்கானது. எந்தப் பக்கத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று எழுதவில்லை. 'நகம் வெள்ளையாகும்வரை தேய்' என்று மட்டும் இருந்தது. தேய்த்தாள். நகம் சூடாகிச் சுரீர் என்றது. "அப்படித்தான் இருக்குமாம் அத்தை" என்றாள். அழகுக்காகப் படும் வலி வலி அல்ல என்று நம் பெண்களுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காது குத்தும்போதே கற்றுக்கொண்டுவிடுகிறோம்.

இனி ஐந்தாம் வரி. நான் அதிகம் யோசித்தது இந்த வரியைத்தான்: ஈரம் நீக்கி.

நகம் தண்ணீரை உறிஞ்சும். ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஊறிய நகத்தின் மேல் அக்ரிலிக் வைத்தால், பிறகு நகம் சுருங்கும்போது அக்ரிலிக் சுருங்காது. இடையில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். அதற்குள் தண்ணீர் போகும், தங்கும், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் ஊழியர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டுதல் சொல்வதும் நகத்துக்கு அடியில் குடியேறும் இப்படிப்பட்ட கிருமிகளால்தான். அதனால் அக்ரிலிக் வைப்பதற்கு முன் கையைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. நம் ஊர் பார்லர்களில் மேனிக்யூர் என்றாலே சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் கையை வைத்து ஊறவிடுவதுதான் முதல் வேலை. அக்ரிலிக்குக்கு அது நேர் எதிர். ஈரம் நீக்கி என்கிற திரவம் நகத்தின் மேல்பரப்பில் உள்ள ஈரத்தையும் எண்ணெயையும் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு எடுக்கும். மணிக்கணக்காக ஊறிய நகத்தைக் காயவைக்க அதனால் முடியாது.

அப்படியென்றால் இந்தத் தாள் கற்பனை செய்கிற கை எது? காலையிலிருந்து தண்ணீரில் படாத கை. சென்னையில் அப்படி ஒரு கை எந்த வீட்டுப் பெண்ணுக்கு இருக்கிறது? அரிசி களைந்து, காய் அலம்பி, பாத்திரம் தேய்த்து, குழந்தைக்குக் கால் கழுவி, வாசலில் தண்ணீர் தெளித்து, லாரி வரும் நாளில் குடம் தூக்கி வாழ்கிற ஊர் இது. அதற்கு மேல் கடல்காற்றின் ஈரம், வியர்வை. மே மாதத்து மயிலாப்பூர் ஃபிளாட்டில் உட்கார்ந்தால் விரல் நுனியே கசியும். 'காற்றோட்டமான அறையில் செய்யவும்' என்று கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. ஃபேனைப் போட்டால் தேய்த்த தூசி முகத்தில் அடிக்கிறது. ஃபேனை நிறுத்தினால் வியர்க்கிறது. ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்தினால் திரவத்தின் நெடி அறைக்குள்ளேயே சுற்றுகிறது. வெயிலில் பவுடரும் திரவமும் இறுகும் வேகமும் கூடிவிடுகிறது. கை பழகாதவளுக்கு நகத்தின் மேல் சரியாகப் பரப்ப நேரமே இருப்பதில்லை. இதை எழுதியவர் வேறு ஏதோ ஒரு குளிர்ந்த, காய்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவர் அன்றைக்கு இந்தக் கூத்தை எல்லாம் நின்று பார்த்தார். ஈரம் நீக்கி பாட்டிலைக் காட்டி, "இது இன்னாக்கா?" என்றார். நகத்தைக் காயவைக்கிற மருந்து என்றாள் என் அண்ணன் மகள். "என் வெரலுக்கு வெக்கலாமா? நகச்சுத்து வந்து வந்து போவுது" என்றார். நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அவருக்கு நகச்சுற்று வருவது எங்கள் பாத்திரங்களால். ஐந்து வீட்டுச் சோப்புத் தண்ணீரில் ஊறி நகத்தைச் சுற்றியுள்ள தோல் விட்டுப்போகிறது, அதன் வழியே கிருமி போகிறது. வலி தாங்காதபோது எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலை அதில் செருகிக்கொண்டு இன்னொரு கையால் தேய்ப்பார். நகத்தைப் பற்றிய இந்தத் தாளில் நகச்சுற்றுக்கு இடமில்லை. சிரித்ததை நினைத்து அப்புறம் வெட்கப்பட்டேன். அவர் கேட்டது அபத்தமே இல்லை. நகம் காய வேண்டும் என்பதன் அருமை அந்த அறையில் அவருக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது.

இதற்கு மாற்றாக மருதாணியைப் புகழ்ந்து எழுதுவது எளிது. எழுதியும் இருக்கிறார்கள். நகத்தைத் தேய்க்க வேண்டாம், தள்ள வேண்டாம். இலையில் உள்ள சாயம் நகத்தோடு தானே ஒட்டிக்கொள்ளும். நகம் வளர வளரச் சிவப்பு பிறை மாதிரி மேலே ஏறிப்போய் ஒருநாள் வெட்டுப்படும். ஆடி மாதத்து ராத்திரியில் பத்து விரலிலும் தொப்பி போட்டுக்கொண்டு, அம்மா ஊட்டச் சாப்பிட்டது எனக்கும் நினைவிருக்கிறது. கை வேலையிலிருந்து விடுபடும் ஒரே ராத்திரி அது. ஆனால் அம்மா தனக்கு வைத்துக்கொள்வது எல்லோரும் படுத்த பிறகு, அடுப்படியைக் கழுவிவிட்ட பிறகு, மிச்சம் இருந்ததை. விடிவதற்குள் எழுந்து கழுவிவிடுவாள். அவளுக்குச் சிவந்ததே இல்லை. கூட்டுக்குடும்பத்தில் இருந்த கைம்பெண் பாட்டிக்கு அதுவும் கிடையாது. அரைத்துக் கொடுக்க மட்டும் அவர் கை வேண்டியிருந்தது. ஆகவே மருதாணிக்கும் தன் விதிகள் இருந்தன. எந்தக் கை தயாராக இருக்கலாம், எந்தக் கை இருக்கக் கூடாது என்று அதுவும் பிரித்தது. இப்போது பனகல் பார்க் பக்கம் கோன்களில் விற்கும் 'கறுப்பு மருதாணி' பலவற்றில் இருப்பது இலைச்சாறு அல்ல, முடிச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் பெண்ணிய எழுத்து நகத்தை எப்படிப் பார்த்திருக்கிறது? பெரும்பாலும் பார்க்கவே இல்லை. பார்த்தால் கண்டிக்கும். பெண்களின் நகை, அலங்கார மோகத்தைப் பெரியார் கடுமையாக விமர்சித்தார். அந்த மரபில் வந்த நமக்கு, நீள நகம் என்றாலே சோம்பேறிக் கை, சந்தைக்கு மயங்கிய கை. 1990-இல் நவோமி உல்ஃப் 'தி பியூட்டி மித்' எழுதியபோது அழகு என்பது பெண்களைக் கட்டுப்படுத்தும் ஓர் அரசியல் ஏற்பாடு என்ற வாதம் உலகெங்கும் பரவியது. வாதம் சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு என் அண்ணன் மகளிடம் என்ன பேசுவது? நான் பேசினேன். "இதெல்லாம் எதுக்குமா உனக்கு?" என்று ஆரம்பித்துச் சந்தை, ஆணின் பார்வை என்று அரை மணி நேரம் சொற்பொழிவு. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அத்தை, ஆனா இந்த பாட்டில்ல என்ன இருக்குனு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவும் இல்லை. அற்பம் என்று ஒதுக்கிவைத்ததால் அதன் வேதியியலை நான் படிக்கவில்லை. அழகுக்கு எதிரான என் விமர்சனமும் அழகை விற்கும் அந்தத் தாளும் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்தன: இரண்டுமே அவளிடம் அந்தத் திரவத்தைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு படித்தேன். 1950-களில் பிலடெல்பியாவில் ஒரு பல் மருத்துவர் தன் உடைந்த நகத்தைப் பல் வேலைக்கு வைத்திருந்த அக்ரிலிக்கால் சரிசெய்தார், அங்கிருந்துதான் இந்தத் தொழில் பிறந்தது என்பார்கள். ஆரம்பத்தில் பயன்பட்ட திரவம் மெதில் மெதாக்ரிலேட், சுருக்கமாக எம்.எம்.ஏ. நகம் சிதைந்தது, தோல் வெந்தது என்று புகார்கள் குவிந்ததால் 1970-களிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நீதிமன்றம் வரை போய் அந்தத் திரவத்தைக் கடையிலிருந்து எடுக்க வைத்தது. நல்ல பெட்டிகளில் இப்போது வருவது எதில் மெதாக்ரிலேட். எம்.எம்.ஏ. மலிவு, அதனால் பெயரில்லாத பாட்டில்களில் இன்னும் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. மூக்கைத் துளைக்கும் நெடியும், அசிட்டோனில் ஊறவைத்தாலும் கரையாத கல் போன்ற இறுக்கமும் அதன் அடையாளம். ஆறாம் வரியில் வரும் பிரைமரில் மெதாக்ரிலிக் அமிலம் இருந்தால் தோலை எரித்துவிடும். அதனால் குழந்தைகள் காயமடைந்தார்கள் என்பதற்காகவே 1999-இல் அமெரிக்காவில் அந்த அமிலம் உள்ள வீட்டுப் பொருட்களுக்குக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடியைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் பெட்டியில் வந்த பாட்டிலுக்குச் சென்ட் பாட்டில் மாதிரி ஒரு மூடி. உள்ளே என்ன அமிலம் என்று எங்கும் எழுதவில்லை.

மூன்றாம் முறை செய்த பிறகு அவள் விரல் நுனிகள் அரித்தன. கொப்புளம் வந்து தோல் உரிந்தது. பின்னர் கண் இமைகள் வீங்கின. கண்ணில் எதுவும் போடவில்லையே என்று குழம்பினோம். அடையாறில் ஒரு தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்து பார்த்துச் சொன்னார்: மெதாக்ரிலேட் ஒவ்வாமை. இறுகாத திரவம் தோலில் படப்பட உடம்பு அதை எதிரியாக நினைவு வைத்துக்கொள்கிறது. பிறகு பெரும்பாலும் அந்த நினைவு போவதில்லை. கை முகத்தைத் தொடும், அதனால் இமை. "இனிமேல் பல் டாக்டர்கிட்ட போகும்போது இதை முதல்ல சொல்லணும்மா. பின்னால எலும்பு ஆபரேஷன் ஏதாவது வந்தா அங்கேயும் சொல்லணும்" என்றார். பல் அடைக்கும் பசையிலும், மூட்டு மாற்றும்போது வைக்கிற எலும்புச் சிமென்டிலும் இதே குடும்பத்துப் பொருள்தான் இருக்கிறது. அவளுக்கு வயது 20. வீட்டில் செய்துகொள்ளும் பெட்டிகளால் இந்த ஒவ்வாமை பெருகுவதாகப் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

இவ்வளவும் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. நகத் தொழில் செய்யும் பெண்களுக்குத் தெரியும். தி.நகரிலும் அடையாறிலும் பார்லர்களில் வேலை செய்யும் வடகிழக்கு மாநிலப் பெண்களிடம் கேட்டால், தோலைச் சுற்றி ஒரு நூலிழை இடைவெளி விட்டுத்தான் வைப்போம் என்று கையில் காட்டிவிடுவார்கள். நம் ஊர்களில் ஒரு காலத்தில் நகம் வெட்டிவிட்டது முடிதிருத்தும் சமூகத்தார். அந்தச் சமூகத்துப் பெண்களே பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். உடம்பில் எது செத்தது, எது உயிருள்ளது என்ற அறிவு தொட்டு வேலை செய்தவர்களிடம் இருந்தது. அந்தத் தொடுகையைத்தான் சாதி இழிவாக்கியது. நியூயார்க்கில் கொரியப் பெண்கள் நடத்தும் நகக் கடைகளை ஆராய்ந்து மிலியான் காங் 2010-இல் 'தி மேனேஜ்டு ஹேண்ட்' என்ற நூலை வெளியிட்டார். இன்னொருவர் உடம்பின் மீது செய்கிற உழைப்பில் எவ்வளவு அறிவும் எவ்வளவு தாழ்வும் சேர்ந்தே இருக்கிறது என்பதை அதில் படிக்கலாம். வீட்டுப் பெட்டி இந்தப் பெண்ணைக் கதையிலிருந்து அகற்றிவிடுகிறது. அவளுடைய கூலி மிச்சம் என்று விளம்பரம். அவளோடு அவள் அறிவும் போய்விட்டது, பாட்டில் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்த ஆறு வரிகளை நானும் அண்ணன் மகளும் உட்கார்ந்து தமிழில் திருப்பி எழுதினோம். அவள்தான் பிடிவாதமாக எழுத வைத்தாள். அவளால் இனி போட முடியாது, ஆனால் அவள் வகுப்பில் பாதிப் பேர் போடுகிறார்கள். எழுதியது இவ்வளவு: கையை உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரமாவது வைத்திரு. தோல் வெடித்திருந்தால், நகச்சுற்று இருந்தால், நகம் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் இன்றைக்கு வேண்டாம். மரக்குச்சியால் நகத்தின் மேல் ஒட்டிய செத்த படலத்தை மட்டும் மெல்லச் சுரண்டு, மடிப்பை வெட்டாதே. பளபளப்பு போகும்வரை மட்டும் தேய். சூடு தெரிந்தால் நிறுத்து, நீ நகத்தை மெலியவைக்கிறாய். பாட்டிலில் பொருட்களின் பெயர் இல்லாவிட்டால் பூசாதே. பிரைமர் ஒரு பொட்டு போதும், தோலில் பட்டால் உடனே கழுவு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பி. அரித்தால் இனிமேல் எப்போதும் வேண்டாம். கடைசியாக அவள் ஒரு வரி சேர்த்தாள்: வலித்தால் வலிக்கிறது என்று அர்த்தம்.

அவள் நகம் முழுதாக மாறி வர ஆறு மாதம் ஆனது. மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கணக்கு. மெலிந்த பகுதி நடுவில் பள்ளமாக மேலே ஏறிப்போவதை இருவரும் வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாளின் ஒரு பிரதியைப் பாத்திரம் தேய்க்க வருபவர் வாங்கிக்கொண்டார். அவர் மகள் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலையில் இருக்கிறாள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் வந்ததே, அப்படி ஒரு சட்டம் போட்டுத்தான் உட்கார வைக்க வேண்டியிருந்த கவுண்டர்களில் ஒன்று. தீபாவளி நேரத்தில் அங்கே எல்லாப் பெண்களும் நகம் வைத்துக்கொள்கிறார்களாம். வாடிக்கையாளர் கண் புடவைக்கு முன்னால் கையில்தான் விழும் என்று சொல்வார்களாம். "படிச்சா புரியல, நேர்ல சொல்லிக் குடுக்கச் சொல்லுதுக்கா" என்றார். ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள், ஆனால் காலையிலிருந்து கை தண்ணீரில் படக் கூடாது என்றேன்.

"ஞாயித்துக்கெழம தாங்கா துணி தொவைக்கிறது" என்றார். "மத்த நாளு கடை. ராத்திரி பத்து மணிக்கு மேல வரச் சொல்லட்டா?"